முதல் வரிசைக்கு ஐந்தாவது விதி

ஹாலோவே, இந்தியானா
1984 ஜனவரி 16

தங்கை லுவெல்லாவுக்கு,

நீ செய்தது தவறு. நலம் விசாரிப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன். விசாரித்துவிட்டுச் சொன்னால் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய்.

கூடைப்பந்து அரங்கத்தில் எதிர் அணியை அறிமுகம் செய்யும்போது நம் பக்கம் முழுவதும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும் வழக்கம் அப்பா காலத்திலிருந்து உண்டு. 'உங்களைப் பார்ப்பதைவிடத் தானிய விலை பார்ப்பது மேல்' என்று அதற்கு அர்த்தம். சின்னப் பெண்ணாக இருக்கும்போது நீயும் பிடித்திருக்கிறாய். சனிக்கிழமை நான் தாளை இறக்கினால், எதிர்ப்பக்கத்தில், பிரிட்ஜர் கல்லூரிக் கூட்டத்தின் நடுவில், பச்சை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நீ.

அதைக்கூடப் பொறுத்தேன். பிரிட்ஜரில் வாழ்க்கைப்பட்டவள், அந்த ஊர்த் தண்ணீர் அப்படிச் செய்யும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் இறங்கி வந்து டேல் ஹோஸ்டெட்லரின் கையைக் குலுக்கி, "நல்லா ஆடவச்சீங்க கோச்" என்றாயே. முதல் வரிசையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. ஓர்வில் பீஸ்லி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்டா வெர்லின், அது உன் தங்கச்சிதானே? இல்ல, ஆஸ்பத்திரியில குழந்தை மாறிப்போச்சா?" என்றான்.

என்ன நல்ல ஆட்டம்? நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. மூன்று புள்ளி முன்னே போனதும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை தட்டிக்கொண்டு, கடிகாரம் சாகும்வரை எறியவே இல்லை. அது கூடைப்பந்து இல்லை. பந்துக்குக் காவல் இருப்பது. நம் பத்துக் கல்லூரிக் கூட்டமைப்பின் கோப்பையை நான்கு வருஷமாக அவன் தூக்கிக்கொண்டு போவது இப்படித்தான். அதிலும் அவன் நம் பையன். நம் சிவப்புச் சட்டையைப் போட்டு ஆடியவன். அவன் பெயரைச் சொல்லிக் கத்தி என் தொண்டை கட்டிய நாட்கள் உண்டு.

வந்த அணியின் பயிற்சியாளர் முதல் வரிசையின் மூத்தவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போவது முறை. அவனும் கொடுத்தான், நானும் கொடுத்தேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இங்கே முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் இருமல் தேவலையா?

உன் அண்ணன்,
வெர்லின்

*

பிரிட்ஜர்
ஜனவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் திரும்பி வந்தது.

நான் குலுக்கியது பயிற்சியாளரின் கையை இல்லை. என் வீட்டுக்காரர் வெண்டல் படுக்கையில் கிடந்த அந்தக் கடைசி மாதங்களில், செவ்வாய்தோறும் அவரைக் குழந்தை மாதிரித் தூக்கிக் குளிப்பாட்டிய கையை. டேல் கேட்டுக்கொண்டு வரவில்லை. கதவைத் தட்டி, "இன்னைக்கு நான் செய்றேன் லுவெல்லா, நீங்க போய் உக்காருங்க" என்றார். அவர் மனைவி மார்ஜரி சூப்போடு பின்னால் நிற்பாள். நீ அப்போது இரண்டு தரம் வந்தாய். இரண்டு தரமும் ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினாய். குறையாகச் சொல்லவில்லை. அது யார் கை என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

முடி வெட்டும் கடையில் இங்கேயும் இதே வாதம்தான். ஒருத்தி சொல்கிறாள், "ஹோஸ்டெட்லருக்கு அதிர்ஷ்டம்டீ, நல்ல பசங்க கெடைக்கறாங்க." இன்னொருத்தி சொல்கிறாள், "அதிர்ஷ்டம் ஒரு வருஷம் வரும், நாலு வருஷமாவா குடித்தனம் பண்ணும்?" உன்னிடம் நான் கேட்பதும் அதுதான். அவர் ஏதோ குறுக்கு வழியில் ஜெயிக்கிறார் என்றால், எந்த வழி என்று சொல். சொல்ல முடியாவிட்டால் தோற்றதை ஒப்புக்கொள்.

மார்ஜரிக்கு இந்த வாரம் இரண்டு கண்ணிலும் அறுவை. நான்தான் கூட இருக்கப் போகிறேன். முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை வை. மாடிப்படி ஏறாதே.

லுவெல்லா

*

ஹாலோவே
ஜனவரி 30

தங்கைக்கு,

மார்ஜரியின் கண் சீக்கிரம் தெளியட்டும். அவள் நம் ஊர்ப் பெண். அவள் மீது எனக்கு வருத்தம் இல்லை.

வெண்டலுக்கு அவன் செய்தது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு இங்கே பதில் எழுதவில்லை.

குறுக்கு வழி எது என்று கேட்டாயே, சொல்கிறேன். மேவிஸ் கடையில் காப்பியோடு இதைத்தான் பேசினோம். எங்கள் அணி புதிதாக ஒரு ஆட்டம் பழகினால் அவன் பையன்கள் அடுத்த வாரமே அந்த இடத்தில் போய் நிற்கிறார்கள். எப்படி? ஓர்வில் சொல்கிறான், "நம்ம பயிற்சியை எவனோ ஜன்னல் வழியா பாத்து, பக்கம் பக்கமா எழுதிக் குடுக்கறான்டா." மேவிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஜன்னல் வழியா பாக்கற அளவுக்கு உங்க ஆட்டத்துல என்னய்யா இருக்கு?" என்றாள். பெண்களுக்கு எல்லாம் விளையாட்டு.

எனக்கும் ஓர்வில் சொல்வதுதான் சரி என்று படுகிறது. கூட்டமைப்பின் அலுவலகத்துக்கும் செய்தித்தாளுக்கும் எழுதப்போகிறேன். கல் அறுக்கும் ஆலையில் சங்கத்துக்காக நான் எழுதிய கடிதங்களுக்கு முதலாளியே எழுந்து நின்று பதில் சொன்னார் என்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் வரிசை கத்தும், கேலி செய்யும். ஆனால் எங்களுக்கு விதி உண்டு: மனைவி, பிள்ளை, மதம், சம்பளம், இந்த நான்கும் வாயில் வரக்கூடாது. திருட்டு அந்த நான்கில் சேராது. ஆகவே எழுதுவேன்.

குளிர் அதிகம். குழாய் உறைந்துவிட்டது. நீ உன் குழாய்களுக்குத் துணி சுற்றினாயா?

வெர்லின்

*

பிரிட்ஜர்
பிப்ரவரி 5

அண்ணா,

அந்தக் கடிதத்தை எழுதாதே. எழுதியிருந்தால் அனுப்பாதே. நீ கத்திவிட்டுப் போனால் அது ஒரு சனிக்கிழமைக் கூத்து. நீ எழுதினால் ஊர் நம்பும், அதுதான் எனக்குப் பயம்.

டேல் யாருடைய எழுத்தையும் திருடவில்லை. ஏன் என்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது.

நானே இரண்டு வாரத்துக்கு முன்பு வரை அறியேன். அவருக்கு எழுத்துகள் நிற்பதில்லையாம், நீந்துகின்றன என்கிறார். கையெழுத்துப் போடுவார், ஸ்கோர் படிப்பார், அவ்வளவுதான். மற்ற அணிகளைப் பற்றி வரும் குறிப்பு, கல்லூரிக் கடிதம், செய்தித்தாள் எல்லாவற்றையும் மார்ஜரிதான் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்துக் காட்டிவந்திருக்கிறாள், கல்யாணமான நாளிலிருந்து. இப்போது அவள் கண்ணில் கட்டு. முதல் நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லுவெல்லா, நீ படிச்சுக் காட்டுவியா? ஏன்னு கேக்காத" என்றாள். பிறகு அவளே சொல்லிவிட்டாள். அவர் அந்தப் பக்கம் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றார், முதுகைத் திருப்பிக்கொண்டு.

நான் ஒரு தரம் படித்தால் போதும், அண்ணா. கண்ணை மூடிக் கேட்கிறார். மறுநாள் எந்தப் பையன் எந்தக் காலை முதலில் வைப்பான் என்பதுவரை திருப்பிச் சொல்கிறார். நீ கேட்ட குறுக்கு வழி இதுதான். கேட்பது.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீ அவரைத் திருடன் என்று எழுதிவிடுவாயே என்றுதான் சொல்கிறேன். கல்லூரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இந்தத் தாளை அடுப்பில் போடு. உன் நெஞ்சோடு வை.

குழாய்க்குத் துணி சுற்றிவிட்டேன்.

லுவெல்லா

*

ஹாலோவே
பிப்ரவரி 12

லுவெல்லா,

அடுப்பில் போட்டுவிட்டேன். யாருக்கும் எதுவும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஓர்வில் தினமும், "எங்கடா உன் கடிதம்? மை தீந்துபோச்சா?" என்று கேட்கிறான். கை வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று செய்தித்தாளை எடுத்துத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன், எழுத்து நிற்காமல் போனால் எப்படி இருக்கும் என்று. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை.

பந்தை வைத்துக்கொண்டு கடிகாரத்தை ஓட்டுவது இப்போதும் தவறுதான்.

இறுதி ஆட்டம் மார்ச் மூன்றாம் தேதி. இந்த வருஷம் முறை ஹாலோவே அரங்கத்துக்கு. நாங்களும் நீங்களும்தான் வருவோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்தால் என் வீட்டில் சாப்பிடு. பெர்சிமன் பழக்கூழ் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன், புட்டிங் நீதான் செய்ய வேண்டும்.

வெர்லின்

*

(அஞ்சலட்டை)
ஹாலோவே, மார்ச் 5

லுவெல்லா: கோப்பை எங்களுக்கு. 44–43. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. நீ வரவில்லை. புட்டிங் செய்ய ஆள் இல்லை. இங்கே மழை. நலம். வெ.

*

பிரிட்ஜர்
மார்ச் 9

அண்ணா,

வாழ்த்துகள்.

நான் வராதது மார்ஜரிக்காக. கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. இருவரும் ரேடியோவில் கேட்டோம். பாதி ஆட்டம்வரை எங்கள் பையன்கள் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தார்கள். இடைவேளை முடிந்ததும் ரேடியோக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். "என்னது இது, ஹாலோவே ஆளுங்க பூரா பேப்பரைத் தலைகீழாப் புடிச்சிருக்காங்க! கோச்சைப் படிக்கச் சொல்லிக் கத்தறாங்க! இதுல என்ன தமாஷுன்னு தெரிஞ்சவங்க எனக்குச் சொல்லுங்கப்பா!" என்றார்.

மார்ஜரி ரேடியோவை அணைக்கச் சொல்லவில்லை. கை நீட்டித் தடவி அவளே அணைத்தாள்.

திங்கட்கிழமை டேல் வழக்கம்போல் செய்தித்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். நடுவில் அந்தச் செய்தித்தாள் கூத்து வந்தது. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒரு வரி தாண்டிட்டீங்க, லுவெல்லா. மூச்சு வேற இடத்துல விட்டீங்க."

அதையும் படித்துக் காட்டினேன். என் வாயால்.

அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. மார்ஜரியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வீட்டுக்கு வெளியே இது தெரிந்தவன் நீ ஒருவன்.

நீ சொன்னாயா? ஆம் அல்லது இல்லை. அது மட்டும் எழுது. முழங்காலைப் பற்றி எழுதாதே.

லுவெல்லா

*

ஹாலோவே
மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் தாமதத்துக்குக் காரணம் கூரை. மழையில் சமையலறைப் பக்கம் ஒழுகுகிறது, ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வந்தவன் சரியாகச் செய்யவில்லை. நானே ஏறி மறுபடி செய்தேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், எங்கள் பையன்கள் நன்றாக ஆடினார்கள். கடைசியில் பந்தைப் பறித்த அந்த ஒல்லிப் பையன் குவாரிக்காரர் ஒருவரின் பேரன். அவர்கள் உழைத்து வென்ற கோப்பை அது. அதை யாரும் சிறுமைப்படுத்தக்கூடாது.

செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தது மாணவர்கள். மேல் வரிசைகளில் ஆரம்பித்து எல்லோரும் பிடித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளை யார் அடக்க முடியும்? மேலும் எங்கள் முதல் வரிசையின் விதி என்ன என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். மனைவி, பிள்ளை, மதம், சம்பளம். படிப்பு அதில் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. என்னைக் கேட்டால், பந்தைப் பிடித்துக்கொண்டு ஊரையே உட்காரவைக்கும் பயிற்சியாளர் கொஞ்சம் கேலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

வேலியோரத்தில் டாஃபோடில் பூத்திருக்கிறது. உனக்கு வேர்க்கிழங்கு வேண்டுமானால் எடுத்து வைக்கிறேன்.

வெர்லின்

*

பிரிட்ஜர்
ஏப்ரல் 2

அண்ணா,

நீ எழுதியதில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. டேல் மாதிரி எனக்கும் இப்போது தாண்டிய வரி காதில் விழுகிறது.

ரேடியோக்காரர் கேட்ட கேள்விக்கு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். கல்லூரி அறங்காவலர்கள் டேலைக் கூப்பிட்டார்கள். படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அப்படியானால் பட்டம் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அவர் பேசாமல் நின்றாராம். மே மாதம் பன்னிரண்டாம் தேதி கூடி, வேலையில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்வார்கள்.

நான் மார்ஜரியிடம் சொல்லிவிட்டேன். "என் வாயிலிருந்துதான் போச்சு, மார்ஜ். எங்க அண்ணனுக்கு எழுதினேன்." அவள் கண்கட்டை அவிழ்த்திருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீ எங்க வீட்டு மேசையில உக்காந்து படிச்ச, லுவெல்லா" என்றாள். திட்டவில்லை. கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான்.

இப்போது பூதக்கண்ணாடி வைத்து அவளே படித்துக் காட்டுகிறாளாம்.

நீ என்னிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை. வேர்க்கிழங்கு வேண்டாம்.

லுவெல்லா

*

ஹாலோவே
ஏப்ரல் 29

லுவெல்லா,

ஆம்.

நான்தான் சொன்னேன். இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. நடுவில் எழுதிக் கிழித்தவை பல. எல்லாவற்றிலும் கூரை இருந்தது, மழை இருந்தது.

நடந்தது இது. இடைவேளையில் ஒன்பது புள்ளி பின்னால் இருந்தோம். ஓர்வில் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே, "உன் வாய்க்கு வயசாயிடுச்சு வெர்லின். ஒருகாலத்துல நீ ஒரு வார்த்தை சொன்னா வந்த கோச்சு தண்ணி குடிப்பான். இப்ப உன் தங்கச்சி அவன் கையைக் குலுக்கறா, நீ வேடிக்கை பாக்கற" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுபத்தொரு வயதில் எனக்கு அது தாங்கவில்லை. அவன் காதில் சொன்னேன்: "அவனுக்கு எழுத்தே தெரியாதுடா." சொன்னது அவ்வளவுதான். காய்ந்த சோளத்தட்டையில் நெருப்பு ஏறுவது போல அது மேல் வரிசைகளுக்கு ஏறிப் போவதைத் திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அணிகள் திரும்பி வந்தபோது நம் பக்கம் முழுவதும் தாள் தலைகீழாய் நின்றது. "கோச், தலைப்பு என்னன்னு படிங்க!" "படிக்க வரலன்னா படமாச்சும் பாருங்க!" என்று கத்தினார்கள். மாணவர்கள் என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. என் கையிலும் தாள் இருந்தது. அதுவும் தலைகீழ்தான். அதை எப்படித் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று பிப்ரவரியிலேயே என் வீட்டு மேசையில் பழகிப் பார்த்தவன் நான்.

கடைசி நிமிஷத்தில் அவர்கள் ஒரு புள்ளி முன்னால். டேலின் வழக்கப்படி பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையன்கள் இருவர் வந்து மூலையில் மடக்கினார்கள். பந்து வைத்திருந்தவன் அடுத்து என்ன செய்வது என்று பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தான். டேல் ஆடுகளத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பையன் தடுமாறினான், பந்து போயிற்று, எங்கள் ஒல்லிப் பையன் அதைக் கூடையில் போட்டான், கோப்பை எங்களுக்கு வந்தது.

பிறகு அவன் முறைப்படி முதல் வரிசைக்கு வந்தான். கை நீட்டினான். "நல்ல ஆட்டம், மிஸ்டர் கிராட்ஸ். முழங்கால் எப்படி இருக்கு? லுவெல்லா சொன்னாங்க" என்றான். நான் கை கொடுத்தேன். இந்த முறை முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகு அந்தக் கோப்பையை ஒரு தரம்கூட நான் போய்ப் பார்க்கவில்லை.

விதியில் படிப்பு இல்லை என்று எழுதினேன். அது திருடன் பேசும் பேச்சு.

இன்னொன்றும் இந்த வாரங்களில் யோசித்தேன். பட்டம் எப்படி வாங்கினாய் என்று அவனைக் கேட்கிறார்கள். அவன் பேசாமல் நின்றான் என்கிறாய். பேசினால் ஹாலோவேயின் பெயர் கெடும் என்றுதான் நின்றிருப்பான். நாலு வருஷம் அவன் நம் கல்லூரியில் எழுத்துத் தெரியாமலே இருந்தான். ஆசிரியர்களுக்குத் தெரியாதா? சனிக்கிழமை அவன் பந்தைப் போட்டான். திங்கட்கிழமை அவனுக்குத் தேர்ச்சி போட்டுவிட்டார்கள். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேனே தவிர, இந்தப் பையனுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு தரம் கேட்டதில்லை. அவனைப் பயன்படுத்திவிட்டு, பயிற்சியாளர் வேலை கேட்டு வந்தபோது வாசலில் நிறுத்தி அனுப்பினோம். பிறகு, எதிரி ஊரில் போய் ஜெயிக்கிறானே என்று நான்கு வருஷமாக வயிறெரிந்தோம். அவன் எப்படி ஜெயிக்கிறான் என்று மேவிஸ் கடையில் ஆயிரம் காப்பி குடித்தோம்.

அவனிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். நன்றாகவே எழுதினேன். பாதியில்தான் உறைத்தது: அதை அவனுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். மார்ஜரி, அந்தப் பூதக்கண்ணாடியோடு. அதையும் அடுப்பில் போட்டேன். என் எழுத்து அங்கே செல்லாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, ஆக வேண்டியவை:

வரும் சனிக்கிழமை, ஹாலோவே ரசிகர்கள் கூடும் காலைச் சாப்பாட்டில், முட்டைத் தட்டு வருவதற்கு முன்பே நான் எழுந்து நின்று, சொன்னது யார் என்று சொல்ல வேண்டும். தங்கை நம்பிக்கையாய்ச் சொன்னதை விற்றேன் என்றும் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு சொன்னால் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

ஓர்வில், முதல் வரிசையின் நான்கு விதிகளோடு ஐந்தாவதை எழுதிச் சேர்க்க வேண்டும்: வீட்டுக்குள் நம்பிச் சொன்ன எதுவும் அரங்கத்துக்குள் வரக்கூடாது. அவனிடம் சொல்லிவிட்டேன். "நீதானடா சொன்ன, நான் ஏன்டா எழுதணும்?" என்றான். உன் கையெழுத்துத்தான் நன்றாக இருக்கும் என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

முதல் வரிசையில் என் இடம் காலியாக இருக்க வேண்டும். அடுத்து மூத்தவன் ஓர்வில். வருகிற பயிற்சியாளருக்கு இனி அவன் கை கொடுக்க வேண்டும். நான் மேலே, கடைசி வரிசையில் உட்காருவேன். முழங்காலுக்கு அது தண்டனைதான், தண்டனையாகவே இருக்கட்டும்.

கோப்பையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். பையன்கள் ஆடினார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஹாலோவே கல்லூரித் தலைவர், டேல் வாங்கிய பட்டத்துக்கு யார் பொறுப்பு என்று அறங்காவலர்களுக்குக் கையெழுத்திட்டு எழுத வேண்டும். நேற்றுப் போய்க் கேட்டேன். முடியாது என்றார். நாளைக்கும் போவேன். அவர் கையெழுத்துப் போடும்வரை காலையில் அவர் அறை வாசலில் என் நாற்காலி இருக்கும்.

மே பன்னிரண்டாம் தேதி நான் பிரிட்ஜருக்கு வந்து அந்த அறங்காவலர்கள் முன்னால், தெரிந்ததைச் சொல்ல வேண்டும். பேச விடாவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். எனக்குக் கத்தத் தெரியும்.

டேல் வேலையில் இருக்க வேண்டும். ஜனவரியில் அணியைக் கூட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும். பந்தை வேண்டுமானால் விடியும்வரை வைத்துக்கொள்ளட்டும். அது தவறு என்பதில் எனக்கு மாற்றமில்லை. அவனை ஆடுகளத்தில்தான் திருத்த வேண்டும்.

மார்ஜரி எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். கூட்டத்துக்கு முன்பு என்னை டேலின் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். உள்ளே நீ வர வேண்டாம். அதற்கு முன்னால், பன்னிரண்டாம் தேதி காலை பஸ் நிலையத்துக்கு வர வேண்டும். மே மாதம் என்றாலும் அந்தப் பச்சை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வா. என் கண்ணும் மங்கிவிட்டது. கூட்டத்தில் எனக்கு உன்னைத் தெரிய வேண்டும்.

உன் அண்ணன்,
வெர்லின்